ஜகாத் பணம் பிள்ளைக்குப் பலன் தர: சூளகிரி வட்டாரத்தில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ரமலானின் கடைசிப் பத்து நாளில் சூளகிரி, பேரிகை, பாகலூர், ஓசூர் பள்ளிவாசல் வாசல்களில் ரசீதுப் புத்தகங்கள் குவிந்துவிடும். மதரஸாவுக்கு ஒன்று, யதீம்கானாவுக்கு ஒன்று, ஏழைக் குமருக்குக் கல்யாணம் என்று ஒன்று, பெங்களூரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று ஒன்று. கொடுக்கிற மனசுக்கு இந்தப் பக்கத்தில் குறைவில்லை. கொத்தமல்லி மூட்டை தூக்கி அன்றாடம் கூலி வாங்குபவர்கூட நூறு ரூபாய் போட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறார். அந்த நூறு ரூபாய் போகும் வழியில்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள். கொடுத்தவர், வாங்கிய டிரஸ்ட், யாருக்காக வாங்கினார்களோ அந்தப் பிள்ளை என்று மூன்று பேருமே.

நம்முடையது எல்லை ஊர். வீட்டில் உருது, சந்தையில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சொந்தக்காரர் வீட்டில் கன்னடம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஜாதிச் சான்றிதழும் காப்பீடும் கல்வி உதவியும் வேறு. வெளியூர் டிரஸ்ட் செய்வதை அப்படியே இங்கே செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். கொடுப்பவராக இருந்தாலும், கமிட்டியில் இருப்பவராக இருந்தாலும், இதைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

செய்ய வேண்டியவை

• ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போங்கள். ஒரு கல்வி டிரஸ்ட் எடுக்கும் முடிவுகளில் இதைவிடப் பெரியது கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு; அது 2020-இல் வந்தது. 2021-இல் இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022), பையனுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) இதே ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்குப் பார்க்கின்றன. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாலும் இந்த ஆயிரம் ரூபாய் உண்டு.

ஒரு வீடு எனக்குத் தெரியும். தகப்பன் லாரி கிளீனர், தாய் கொத்தமல்லிக் கட்டு கட்டப் போகிறவர். மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று ஒரு குழு இரக்கப்பட்டு ஆறாம் வகுப்பில் தனியார் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டது. மூன்று வருஷம் ஃபீஸ் கட்டினார்கள், பிறகு பணம் தீர்ந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு வந்தாள். பிளஸ் டூவில் நல்ல மார்க். ‘ஆறாம் வகுப்பு படித்த பள்ளி’ என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பியதும் ஒதுக்கீடும் போயிற்று, மாதம் ஆயிரமும் போயிற்று. பணத்தைச் செலவழித்து அந்தப் பெண்ணின் கதவை அடைத்திருக்கிறார்கள். அந்தக் குழுவில் இருந்த எல்லோரும் நல்லவர்கள்.

• பிள்ளையை அரசுப் பள்ளியில் விட்டு, ஃபீஸ் பணத்தை மாலை டியூஷனுக்குத் திருப்புங்கள். ஒரு பிள்ளைக்குத் தனியார் பள்ளியில் கட்டும் தொகையில் மக்தப் முடிந்த பிறகு ஒரு கணக்கு டீச்சரையும் ஓர் இங்கிலீஷ் டீச்சரையும் வைத்துப் பல பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம்.

• தமிழை விடாமல் படிக்க வையுங்கள். உருது வீட்டுப் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 2006-இல் வந்த தமிழ் கற்கும் சட்டத்துக்குப் பத்தாம் வகுப்பில் விலக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். விலக்கு பரீட்சையைத் தாண்டவைக்கும், வேலைக்கு உதவாது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். உருது மக்தபில் இருக்கட்டும், வீட்டில் இருக்கட்டும். தமிழ் டீச்சருக்கு டிரஸ்ட் சம்பளம் கொடுங்கள்.

• ஜாதிச் சான்றிதழை எட்டாம் வகுப்புக்குள் எடுத்துக்கொடுங்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ‘முஸ்லிம்’ என்று மட்டும் எழுதினால் கிடைக்காது. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லப்பை (ராவுத்தர், மரைக்காயர் இதில் அடக்கம்), மாப்பிள்ளை, ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள பிரிவில் ஒன்றாக இருக்கவேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் தக்கனி, ஷேக், சையத். தகப்பனார் சான்றிதழில் ஒன்று, அண்ணன் சான்றிதழில் வேறொன்று என்று இருந்தால் கவுன்சலிங் வாரத்தில் தாலுகா ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலையவேண்டி வரும். கர்நாடகத்தில் எடுத்த 2பி பிரிவுச் சான்றிதழ் இங்கே செல்லாது.

• பெயரை ஒரே மாதிரி எழுதவையுங்கள். பிறப்புச் சான்றிதழில் ‘ஷேக்’, ஆதாரில் ‘சேக்’, பள்ளியில் இனிஷியல், பெங்களூரில் எடுத்த ஆவணத்தில் தகப்பனார் பெயர் முழுசாக. நான்கும் நான்கு பிள்ளைகள் மாதிரி நிற்கும். டிரஸ்ட் இளைஞர்கள் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்தால் ஒரு தெருவின் ஆவணங்களையே சரிபார்த்துவிடலாம். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

• ஹிஃப்ள் படிக்கப் போகும் பிள்ளைக்குப் பள்ளிப் படிப்புக்கும் ஒரு வழி வையுங்கள். குர்ஆன் மனனம் முடித்து மூன்று நான்கு வருஷம் கழித்து வரும் பையனை எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்று தெரியாமல் வீடு தவிக்கிறது. பிறகு அவன் மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்விடுகிறான். பன்னிரண்டரை வயது ஆனால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது. டி.சி. வாங்கும் முன் பிள்ளையின் எமிஸ் எண்ணை (பள்ளிப் பதிவில் உள்ள மாணவர் எண்) குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை காலையும் மாலையும் ஹிஃப்ள், நடுவில் அரசுப் பள்ளி என்று ஹஜ்ரத்தோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள். பல ஹஜ்ரத்மார்கள் கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

• ஐ.டி.ஐ., டிப்ளமோ படிப்புக்கும் உதவி ஒதுக்குங்கள். டைட்டன், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் என்று பெரிய கம்பெனிகள் இருக்கும் ஓசூர் பக்கத்தில் இருக்கிறோம். டாக்டர், இன்ஜினியர் என்று மட்டும் பார்த்தால் பத்தாம் வகுப்பில் சுமாராகப் படித்த பையன் டிரஸ்ட் கணக்கிலேயே வரமாட்டான். அரசு ஐ.டி.ஐ.யில் சேரும் பையனுக்கு பஸ் செலவும், ஷூவும், கருவிப் பெட்டியும் போதும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் உண்டு.

• வடமாநிலக் கூலிகளின் பிள்ளைகளையும் கணக்கில் சேருங்கள். சிப்காட் பக்கத்து ஷெட்டுகளில் பீகார், வங்காளம், அசாம் குடும்பங்கள் இருக்கின்றன. ஜும்மாவுக்கு நம் பக்கத்திலேயே நிற்கிறார்கள், அவர்கள் பிள்ளை ஷெட்டில் தம்பியைத் தூக்கிக்கொண்டு இருக்கிறது. டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காக அரசுப் பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஹிந்தி பேசத் தெரிந்த ஒருவர் தலைமையாசிரியரிடம் கூடப் போனால் ஒரு காலையில் வேலை முடியும்.

• ஆஸ்பத்திரி உதவி கேட்டு வந்தால் முதலில் மூன்று அட்டை கேளுங்கள். ரேஷன் அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டில் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் கம்பெனித் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், பல பேருக்கு அந்த எண்ணே தெரியாது. பக்கம் என்பதால் எல்லோரும் நேரே பெங்களூருக்கு ஓடுகிறார்கள். அந்த ஆஸ்பத்திரி தமிழ்நாட்டுக் காப்பீட்டை ஏற்குமா என்று கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூன்று லட்சம் வசூலித்து ஒரே ஆபரேஷனுக்குக் கொடுப்பதற்குப் பதில், அதைக் காப்பீட்டில் முடித்துவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு பகுதியில் வீட்டுக்கு ஆறு மாத மளிகை போடலாம்.

• நெடுஞ்சாலையில் விபத்து என்றால் வசூலுக்கு முன் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டப்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

• அரசு தருவதை முதலில் வாங்கிக்கொடுங்கள், மீதிக்கு ஜகாத்தைத் தொடுங்கள். கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நல அலுவலகம் இருக்கிறது. சிறு கடன் தரும் டாம்கோ, விதவைகளுக்கு உதவும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம், 2009-இல் அமைத்த உலமாக்கள் நல வாரியம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே விவரம் கிடைக்கும். இமாம், மோதினாரை இந்த வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே கேளுங்கள். மத்திய அரசின் ப்ரீ-மெட்ரிக் உதவித்தொகை 2022-23 முதல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கிடையாது. பழைய நோட்டீசை நம்பிப் பிள்ளைகளை இ-சேவை மையத்துக்கு அலையவிடாதீர்கள். அந்த இடைவெளியைத்தான் உங்கள் டிரஸ்ட் அடைக்கவேண்டும்.

• பணத்தைப் பிரித்து எழுதுங்கள். ஜகாத் ஒரு பக்கம், சதக்காவும் லில்லாவும் ஒரு பக்கம், ஃபித்ரா ஒரு பக்கம், பேங்க் வட்டி தனி. ஜகாத் யாருக்குப் போகலாம் என்று குர்ஆன் எட்டு வகையைச் சொல்லிவிட்டது. சதக்கா, லில்லா என்ற பொது உதவிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, பக்கத்து வீட்டு முனியம்மாவின் மகனுக்கும் அதிலிருந்து கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஒரே உண்டியலில் கலந்துவிட்டால் பிறகு எந்த முஃப்தியாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

• ஜகாத் கணக்கை நீங்களே போட்டுப் பழகுங்கள். நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம். ஹனஃபி வழக்கில் நிஸாப், அதாவது ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு, 87.48 கிராம் தங்கம் அல்லது 612.36 கிராம் வெள்ளி. வருஷத்தில் ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொண்டால் ரமலான் அவசரத்தில் தோராயமாகப் போடவேண்டியதில்லை.

• டிரஸ்ட் பத்திரத்தின் நோக்கப் பகுதியை இன்றைக்கு எடுத்துப் படியுங்கள். ‘முஸ்லிம்களின் நன்மைக்கு மட்டும்’ என்று எழுதிய தர்ம டிரஸ்ட் வருமான வரி விலக்கிலும், நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜியிலும் சிக்கிக்கொள்கிறது. ஒரு மதத்தவருக்கு மட்டுமான நன்மையை வரிச் சட்டம் பொதுத் தர்மமாக எடுத்துக்கொள்வதில்லை. கல்வி, மருத்துவம், ஏழை நிவாரணம் எல்லோருக்கும் என்று எழுதுங்கள். ஜகாத்தைத் தனிக் கணக்கில் அதன் விதிப்படி நடத்துங்கள். நம் முன்னோர் காட்டிய வழியும் இதுதான். தோல் வியாபாரிகள் நிறைந்த வாணியம்பாடியில் முஸ்லிம் கல்விச் சங்கம் 1919-இல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரியில் எல்லா மதப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆம்பூர் பக்கத்தில் காக்கா முகமது உமர் 1924-இல் உமராபாத் தாருஸ்ஸலாமைத் தொடங்கினார். அது மார்க்கக் கல்விக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் டாக்டர் மும்தாஜ் அகமது கான் 1966-இல் தொடங்கிய அல்-அமீன் கல்விச் சங்கம் பள்ளி, கல்லூரி என்று வளர்ந்தது. எது எதற்காக என்று முதலிலேயே தெளிவாக எழுதியவை நின்றன.

• டிரஸ்டின் பான், 12ஏபி (வரி விலக்குப் பதிவு), 80ஜி எண்களைக் கேட்டு வாங்குங்கள். கொடுப்பவராக உங்கள் உரிமை அது. நடத்துபவர் என்றால் நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் தாக்கல் செய்யுங்கள், தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். 2025-இன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்டது, பிரிவு எண்கள் மாறுகின்றன. ரசீதை மறுபடி அச்சடிக்கும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள்.

• வக்ஃப் சொத்து மத்திய அரசின் ‘உமீத்’ போர்ட்டலில் ஏறியதா என்று முத்தவல்லியிடம் கேளுங்கள். 2025 ஜூன் 6 முதல் ஆறு மாதம்தான் அவகாசம் தந்தார்கள். ஏற்றியிருந்தால் பதிவு எண்ணை நோட்டீஸ் போர்டில் எழுதச் சொல்லுங்கள். விட்டுப்போயிருந்தால் வக்கீலைப் பிடித்து வக்ஃப் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லுங்கள். புதிதாக யாராவது கபரஸ்தானுக்கோ மதரஸாவுக்கோ இடம் வக்ஃப் செய்தால் பத்திரம் எழுதவையுங்கள், 2025 திருத்தத்துக்குப் பிறகு வாய்ச்சொல் போதாது.

• வீடு பார்க்கும் குழுவில் பெண்களை வையுங்கள். புருஷன் இறந்து நான்கு மாதமான பெண் வாசலில் நிற்கும் நான்கு ஆண்களிடம் ‘எல்லாம் இருக்கிறது பாய்’ என்றுதான் சொல்லுவார். ஒரு ஆபா உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்தால் அரிசி டப்பா காலி, மூத்தவள் இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்று தெரியவரும்.

செய்யக்கூடாதவை

• தனி ஆள் பெயரில் உள்ள ஜிபே எண்ணுக்கு டிரஸ்ட் பணத்தை அனுப்பாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. நாளை அவர் கணக்கை பேங்க் முடக்கினாலோ, அவர் மௌத்தானாலோ, பணம் முடங்கும் அல்லது வாரிசுக்குப் போகும், யதீமுக்கு வராது. க்யூஆர் ஸ்கேன் செய்ததும் திரையில் யார் பெயர் வருகிறது என்று பார்த்துவிட்டுத் தொகையை அடியுங்கள்.

• 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு 80ஜி எதிர்பார்க்காதீர்கள். அதற்கு மேல் போனால் செக் அல்லது ஆன்லைன். அந்தச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான். ஒரே ஆளிடம் ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கும் டிரஸ்டுக்கு வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகும்.

• அசல் தெரியாத சந்தாக்காரருக்கு முகத்தைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். ரமலானில் பீகாரிலிருந்தும் உ.பி.யிலிருந்தும் மதரஸா சஃபீர்கள் (வசூல் பிரதிநிதிகள்) வருகிறார்கள். உண்மையானவர்கள் பலர் வெயிலில் நோன்போடு நடக்கிறார்கள், அவர்களை அவமதிக்காதீர்கள். தஸ்தீக் (சான்று) கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அங்கேயே போன் போடுங்கள், மதரஸா கணக்குக்கே நேராக அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். உண்மையானவர் சந்தோஷமாகக் கணக்கு எண் தருவார்.

• வாட்ஸ்அப்பில் வரும் ஆஸ்பத்திரி வீடியோவை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். பழைய வீடியோவில் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி விடுகிறார்கள். ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டருக்கு நோயாளி எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டு, அங்கேயே கட்டுங்கள்.

• பதிவு இல்லாமல் யதீம்கானா நடத்தாதீர்கள், அப்படி நடத்தும் இடத்துக்குக் கொடுக்கவும் செய்யாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் கீழ் குழந்தைகள் இல்லம் ஒவ்வொன்றும் பதிவு செய்யவேண்டும். தவறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தங்கிப் படிக்கும் விடுதி என்றால் தமிழ்நாட்டின் 2014 விடுதிகள் சட்டப்படி உரிமம் வேண்டும். ‘நாலு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறோம், இதற்கு எதற்கு லைசென்ஸ்’ என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தீ பிடித்த அன்றும், உணவு கெட்டுப்போன அன்றும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் இருப்பதில்லை. பிள்ளைக்குத் தாய் உயிரோடு இருந்தால் இல்லத்தில் சேர்க்கும் செலவைத் தாய் கையில் மாதாமாதம் கொடுங்கள். பிள்ளை வீட்டில் வளரட்டும்.

• எல்லை தாண்டிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள், வெளிமாநிலப் பிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள். ஆறாம் வகுப்பில் பெங்களூரு மதரஸாவுக்குப் போன பிள்ளை இங்கே அரசுப் பள்ளிச் சலுகைகளை இழக்கிறான். பன்னிரண்டு பிள்ளைகளை ரயிலில் ஒரே ஆள் அழைத்துவந்தால் ரயில்வே போலீஸ் இறக்கி விசாரிக்கும், விசாரிக்கத்தான் வேண்டும். பெற்றோர் சம்மதக் கடிதமும் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவலும் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் ஏற்காதீர்கள்.

• பிள்ளைகளை வசூலுக்கு அனுப்பாதீர்கள். தொப்பி போட்டு, டப்பா கொடுத்து டோல்கேட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் நிறுத்துவதைச் சட்டம் பிச்சை எடுக்க வைப்பதாகவே பார்க்கும். ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. சட்டம் கிடக்கட்டும், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

• யதீம் பிள்ளைகளின் போட்டோவை போஸ்டரிலோ ஸ்டேட்டஸிலோ போடாதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையை ‘ஜகாத் பையன்’ என்று கூப்பிடுவார்கள். புத்தகப் பையை வாங்கும்போது கேமராவைப் பார்க்கச் சொல்வதை இந்த வருஷத்தோடு நிறுத்துங்கள். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டுங்கள், முகத்தைக் காட்டவேண்டாம்.

• உஸ்தாதைப் பற்றி ஒரு பிள்ளை சொன்னால் ‘ஜமாஅத் மானம்’ என்று மூடி மறைக்காதீர்கள். 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். அதற்கு முன்பே செய்யவேண்டியது: வகுப்பறைக் கதவு திறந்தே இருக்கட்டும், எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கவேண்டாம், புது ஆசிரியரைப் பற்றி முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரியுங்கள், பிரம்பை வெளியே போடுங்கள்.

• வெளிநாட்டுப் பணத்தை எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் தொடாதீர்கள். துபாயிலும் சவூதியிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன், இந்தியக் குடிமகனாக, தன் சம்பளத்தை பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய பாஸ்போர்ட் நகலை ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அவரே அங்குள்ள அரபியிடமும் நண்பர்களிடமும் வசூலித்து அனுப்பினால் கதை வேறு. அமெரிக்க, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிய சொந்தக்காரர் அனுப்பினாலும் வெளிநாட்டு நன்கொடைதான். பதிவு பெற்ற டிரஸ்டும் டெல்லி எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில் மட்டுமே வாங்கவேண்டும். இன்னொரு டிரஸ்டுக்கு அதைக் கைமாற்றவும் கூடாது. மீறினால் ஐந்து வருஷம் வரை சிறை. உண்டியல் (ஹவாலா) வழியாக வரும் பணத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

• ஜகாத்தைக் கட்டடத்தில் போடாதீர்கள். பள்ளிவாசல் மினாரா, மதரஸா காம்பவுண்ட், இமாம் சம்பளம் எதற்கும் அது ஆகாது. ஹனஃபி வழக்கில் பணம் ஏழையின் கைக்குச் சொந்தமாகப் போய்ச்சேரவேண்டும். காலேஜ் ஃபீஸை நேரே கட்டவேண்டி வந்தால் ‘எனக்காகக் கட்டுங்கள்’ என்று மாணவரிடமோ பெற்றோரிடமோ எழுதி வாங்கிக்கொண்டு காலேஜ் கணக்கில் கட்டுங்கள். மார்க்கமும் நிற்கும், பணமும் வழிமாறாது.

• ரமலானில் அள்ளிக் கொடுத்துவிட்டு ஜூனில் கையை விரிக்காதீர்கள். ரமலான் ஒவ்வொரு வருஷமும் சுமார் பதினொரு நாள் முன்னால் வருகிறது, பள்ளிக்கூடம் ஜூனில்தான் திறக்கிறது. ஜகாத் சேரும் மாதத்துக்கும் ஃபீஸ் கட்டும் மாதத்துக்கும் இடையில் இனி பல வருஷத்துக்கு இடைவெளி இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த வருஷப் பிள்ளைகளின் பட்டியலை ரமலானுக்கு முன்பே முடித்து, தொகையைப் பெயர் வாரியாக ஒதுக்கி வையுங்கள்.

• கடனில் மூழ்கியவர் கையில் மொத்தமாகப் பணம் கொடுக்காதீர்கள். வாரத் தவணைக் கடன் நான்கைந்து இடத்தில் இருக்கும், எது பெரிது என்று அவருக்கே தெரியாது. பாஸ்புக் எல்லாவற்றையும் வாங்கி எழுதி, வட்டி அதிகமான கடனை முதலில் நேரடியாக அடையுங்கள். வசூல் ஆட்கள் வாசலில் நின்று மிரட்டினால் போலீசுக்குப் போகச் சொல்லுங்கள், கடன் வசூல் கெடுபிடிக்கு எதிராகத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறது.

• வயதுச் சான்றிதழ் பார்க்காமல் கல்யாண உதவி கொடுக்காதீர்கள். குழந்தைத் திருமணம் நடக்கும் மாவட்டம் நம்முடையது, மதம் பார்க்காமல் நடக்கிறது. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் பிடித்தாகிவிட்டது என்பார்கள். ஆதாரில் உள்ள தேதி போதாது, பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ கேளுங்கள். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்திவைத்தவரும் உடந்தையானவரும் இரண்டு வருஷம் வரை உள்ளே போகலாம், நிக்காஹ் ஓதிய ஹஜ்ரத்தும் பணம் கொடுத்த டிரஸ்டும் அதில் சேர்த்தி. ‘வயசுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக பயமாக இருக்கிறது’ என்று தாய் அழுவார். அந்த பயம் உண்மையானது. பெண் பதினோராம் வகுப்பில் இருந்தால் பஸ் வசதி, மாலையில் துணைக்கு ஆள், வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை என்று ஏற்பாடு செய்யுங்கள். கல்யாணத்துக்கு ஒதுக்கிய பணத்தைத் திருப்பி எடுக்காமல், அவள் பிளஸ் டூ முடிக்கும் வரை அதே வீட்டுக்கு மாதாமாதம் கொடுங்கள்.